மோட்டார் ஸைக்கிள் ஓம்பலும் அறப்பயணமும்

[நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் அங்கத்தினரும் தமிழாசிரியருமான அன்பர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு. கேட்டோர் பலர் விரும்பியவாறு ஈண்டு வெளியிடப்பெறுகின்றது.]



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தொழிலினன் யான். அத்தகைய என்னை மோட்டார் ஸைக்கிளைப் பற்றிப் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் பணித்தபோது, வேறொருவருக்கு எழுதிய கடிதம் என் கைக்கு வந்துவிட்டதோ என்றே முதற்கண் ஐயுற்றேன். பின்னர்க் காரணம் தெரிந்தது. பழைய வண்டி ஒன்றை இருபது ஆண்டுகளாக ஓட்டி, அதனால் பட்ட பாடுகளைப் பலரிடமும் சொல்லிக்கொண்டு திரிபவன் யான் என்பது அவர்கள் அறிந்த செய்தியே. பட்டவன் சொல்லைக் கேட்பதில் பயன் உண்டென எண்ணினர் போலும்.

இன்று நம் சங்கத்தில் ஒரு வழக்கு நடந்துவருகின்றது. நம் இளைஞர் பகுதியார் வருகின்ற தை மாதத்தில் குளித்தலையினின்று திருச்சிராப்பள்ளிக்கு மோட்டார் ஸைக்கிள்களில் அணியாகச் சென்று, பொருள் திரட்டி ஏழை நோயாளர்க்கு அளித்து, ஆங்கோர் இரத்த தான முகாமும் நடத்த எண்ணியுள்ளனர். பெரியோர் சிலர், "வண்டிகளை முழக்கிக்கொண்டு ஊர் சுற்றுவதற்கு அறம் என்று ஒரு பெயரா?" என்று வினவுகின்றனர். இளைஞரோ, "நல்லது செய்யப் புகினும் தடையா?" என்று மனம் வருந்துகின்றனர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. யான் கூறப்புகுவது ஒன்றே: தன் வண்டியைப் பேணாதவன் அறப்பயணம் போதற்கு உரியனல்லன், பேணக் கற்றவன் கையிலோ அவ்வண்டி அறத்திற்கு நல்லதொரு கருவியாகும். இதனை என் தவற்றினின்றே தொடங்கிக் கூறுகின்றேன்.

மூன்றாண்டுகட்கு முன்னர் என் தமக்கையின் கணவர் திருச்சிராப்பள்ளியில் ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டிருந்தார். அவருக்கு வேண்டும் இரத்தத்திற்கு ஈடாக உறவினர் ஒருவர் இரத்தம் அளித்தல் வேண்டும் என்றனர். காலை 7 மணிக்குள் வந்து அளிப்பேன் என்று தமக்கையாரிடம் வாக்குக் கொடுத்து, விடியுமுன் 5 மணிக்கே குளித்தலையை விட்டுப் புறப்பட்டேன். பெட்டவாய்த்தலையை அணுகுமுன் எஞ்சின் இருமுறை திக்கிற்று, பின்னர் நின்றுவிட்டது. உதைத்தேன், உதைத்தேன், பயனில்லை. பத்து நிமிடம் கழித்து உதைக்கப் புறப்பட்டது. சிறிது தூரம் ஓடி மீண்டும் நின்றது. இவ்வாறு நிற்பதும் புறப்படுவதுமாகப் பொழுது விடிந்தது.

இக்குறை அன்று தோன்றியதன்று. அதற்கு முன் இரண்டு திங்களாக இருந்ததே. ஒரு பட்டறையில் மும்முறை விட்டேன். முதன்முறை ஸ்பார்க் பிளக்கை மாற்றினர். இரண்டாம் முறை கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினர். மூன்றாம் முறை காயிலை மாற்றினர். மூவாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. குறை மட்டும் போகவில்லை. அப்பட்டறையின் பெயர் இங்கு வேண்டா. குற்றத்தில் பாதி என்னுடையது. "வண்டி நிற்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்திற்குப் போய்விட்டேனேயன்றி, எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று ஒரு நாளும் கூர்ந்து நோக்கினேனல்லேன். மாணாக்கன் ஒருவன் "எனக்குப் பாடம் வரவில்லை" என்று மட்டும் கூறி நின்றால், எந்தப் பாடம், எந்த இடம் என்று கேட்கும் ஆசிரியன் யான். என் வண்டியின் திறத்தில் அந்த அறிவு எனக்கில்லாது போயிற்று.

அவ்வேளையில் வாழைத்தார் ஏற்றிவந்த லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர் இறங்கிவந்து, என் வண்டியைச் சாலையோரத்துப் பஞ்சர் கடை வரையில் தள்ளித் தந்தார். கடையில் இருந்தவன் இருபது வயதுப் பிள்ளை. வண்டியில் கைவைக்குமுன் என்னை மூன்று கேள்வி கேட்டான். "ஐயா, எவ்வளவு தூரம் ஓடியபின் நிற்கிறது? நின்றால் எவ்வளவு நேரம் கழித்துப் புறப்படுகிறது? டாங்கி மூடியைத் திறந்து பார்த்தீர்களா?" முதலிரண்டிற்கு விடை கூறினேன், மூன்றாவதற்கு விழித்தேன். அவன் பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திறந்தான். 'உஸ்' என்று காற்று உள்ளே புகும் ஒலி கேட்டது. சிறிது பொறுத்து ஒரே உதையில் எஞ்சின் புறப்பட்டது.

அன்பர்களே! டாங்கியினின்று பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அவ்விடத்தை நிரப்புதற்கு மேலிருந்து காற்றுப் புகவேண்டும். அதற்கென மூடியில் நுண்ணிய துளை ஒன்று உண்டு. என் வண்டியில் அத்துளை அழுக்கேறி அடைபட்டிருந்தது. சிறிது தூரம் ஓடியதும் டாங்கிக்குள் காற்றழுத்தம் குறைந்து பெட்ரோல் இறங்காது நிற்கும்; நின்றபின் மெல்ல மெல்லக் காற்றுக் கசிந்து புக மீண்டும் இறங்கும். இவ்வளவே குறை. மெல்லிய கம்பி ஒன்றினால் அத்துளையை அவன் தூய்மை செய்தான். கூலி கேட்டதற்கு, "இதற்கென்ன கூலி, ஐயா? நேரமாகிறது, போங்கள்" என்று அனுப்பினான்.

மருத்துவமனையை அடைந்தபோது மணி 8½. என் தமக்கையார் வாயிலில் கலங்கி நின்றதைக் கண்டு, தம் தாயாரைக் காண வந்திருந்த இளைஞர் ஒருவர் தாமே முன்வந்து ஈடாக இரத்தம் அளித்துச் சென்றிருந்தார். அவர் பெயர் யாது, ஊர் யாது, குலம் யாது என இன்றளவும் யான் அறியேன். என் அத்தான் நலம் பெற்றார். இன்று இக்கூட்டத்திலும் வந்து அமர்ந்துள்ளார். ஆயினும், குண்டூசி நுழையாத ஒரு துளையைப் பாராதிருந்தமையால் வாக்குத் தவறியவன் ஆனேன் என்னும் நினைவு என்னை விட்டு நீங்கவில்லை. அந்நாள் தொட்டே வண்டியைக் கற்கத் தொடங்கினேன்.

நிற்க. குறையைக் காணும் முறை யாது? வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவர்க்கு வகுத்த நெறி வண்டிக்கும் பொருந்தும். இன்ன நோய் எனத் தெளிந்து, அதன் மூலத்தைக் கண்டு, தணிக்கும் வழியைத் தேர்ந்து, அதன் பின்னரே கைவைத்தல் வேண்டும். நம்மவர் பெரும்பாலார் கைவைத்தலினின்றே தொடங்குகின்றனர். ஆதலின் மூன்று விதிகளை முதலிற் கூறுகின்றேன்.

முதலாவது, கேட்டறிக. குறை எப்போது தோன்றுகிறது? குளிர்ந்த நிலையிலா, சூடேறிய பின்னா? மழை நனைந்த பின்னா? மேட்டில் ஏறும்போதா? அண்மையில் எதனை மாற்றினோம்? இவற்றை ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்க. இரண்டாவது, எளியதும் செலவற்றதுமாகிய சோதனையை முதலிற் செய்க. அரியதைப் பின்னர்ச் செய்க. மூன்றாவது, ஒரு வேளையில் ஒன்றனையே மாற்றுக. மூன்று பொருள்களை ஒருங்கே மாற்றிக் குறை நீங்கினால், நீக்கியது எது என்று அறிதற்கு வழியில்லை. பணமும் வீண், படிப்பும் வீண்.

இனி, எஞ்சின் ஓடுதற்கு நான்கு வேண்டும்: பெட்ரோல், காற்று, தீப்பொறி, அழுக்கம். பெட்ரோலும் காற்றும் கலந்து உருளைக்குள் புக, பிஸ்டன் அதனை அழுத்த, பொறி விழ, வெடித்து ஓட்டுகின்றது. எஞ்சின் புறப்படவில்லையெனில் இந்நான்கில் ஒன்று குறைந்தது என்றே கொள்க. ஸ்பார்க் பிளக் என்பதற்குப் 'பொறிமுளை' என்று பெயரிட்டுப் பட்டறையில் ஒருநாள் கேட்டேன். ஆங்கிருந்த பையன்கள் சிரித்த சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. ஆகலின் பட்டறையார் வழங்கும் சொல்லையே இங்கு யானும் வழங்குகின்றேன்.

எஞ்சின் புறப்படாதபோது முதலில் கைப்பிடியில் உள்ள நிறுத்தும் ஸ்விட்ச்சைப் பார்க்க. விளையாட்டுப் பிள்ளைகள் அதனை அமுக்கிவிட்டுப் போக, தந்தையார் அரைமணி நேரம் உதைத்து வியர்த்த வீடுகள் நம்மிடையே பல. பின்னர்ப் பெட்ரோல் உண்டா, குழாய்த் திருகு திறந்துள்ளதா, கியர் நடுநிலையில் உள்ளதா, பக்கத் தாங்கி மடங்கியுள்ளதா என்று காண்க. பல புது வண்டிகள் தாங்கி மடங்காவிடில் புறப்படமாட்டா. பொத்தானை அமுக்க 'டிக் டிக்' என்னும் ஒலி மட்டும் எழுமாயின், பாட்டரி தளர்ந்தது அல்லது அதன் முனைகள் நெகிழ்ந்தன என்று கருதுக. பன்னிரண்டு வோல்ட் பாட்டரி முழுவதும் நிரம்பி ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 13.5 முதல் 14.5 வரையில் காட்டவேண்டும். காட்டாவிடில் குறை பாட்டரியில் அன்று, அதனை நிரப்பும் பகுதியில் உள்ளது. இதனை அறியாது புதுப் பாட்டரி வாங்கி, அதுவும் ஒரு வாரத்தில் ஓய்ந்தது கண்டு கடைக்காரரை வைதவர் உளர்.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியை நோக்குக. அஃது எஞ்சினின் நாடி போன்றது. இளம்பழுப்பு நிறமாயின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுந்தது அல்லது காற்று வடிகட்டி அடைந்தது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பொறி விழவில்லை, அன்றேல் பெட்ரோல் அளவின்றிப் பெருகிற்று. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு ஸீலோ தேய்ந்து எண்ணெய் உட்புகுகின்றது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் எஞ்சின் அளவிறந்து சூடேறுகின்றது. நனைதலுமின்றி முற்றும் உலர்ந்து தூய்மையாக இருந்தால், பெட்ரோலே வரவில்லை. மூடித் துளை முதல் குழாய் வரையில் ஆராய்க.

புகையும் ஒரு மொழியே. கரும்புகை பெட்ரோல் மிகுதியையும், நீலப்புகை எண்ணெய் எரிதலையும் உணர்த்தும். குளிர்காலை வேளையில் சிறிது நேரம் தோன்றி மறையும் வெண்புகை நீராவியே, அதற்கு அஞ்சவேண்டா. குளிர்ந்திருக்கையில் நன்றாகப் புறப்பட்டுச் சூடேறியபின் புறப்பட மறுக்குமாயின், வால்வு இடைவெளி குறைந்துள்ளதா எனப் பட்டறையில் காட்டுக.

2020 ஏப்ரல் முதல் தேதி தொட்டுப் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி நடைமுறைக்கு வந்தபின், புது வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் கார்பரேட்டர் இல்லை. பெட்ரோலைப் பீச்சும் இஞ்செக்டரே உண்டு. சாவியைத் திருப்பியதும் பம்பு ஓரிரு நொடி மெல்ல முரலும். அவ்வொலி கேளாவிடில் ப்யூஸைப் பார்க்க. எஞ்சின் விளக்கு அணையாது எரியுமாயின், அவ்வண்டியில் நாமே கைவைத்தல் தகாது. குறையை எண்ணாகக் காட்டும் கருவியுடையாரிடம் செல்க. எதனை நாம் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்று அறிதலும் கல்வியே.

இவை நின்றபின் செய்வன. நில்லாதிருத்தற்குச் செய்வனவோ இவற்றினும் சிறந்தவை. அமெரிக்க நாட்டில் 1973இல் தோன்றிய மோட்டார் ஸைக்கிள் சேப்டி பௌண்டேஷன் என்னும் நிறுவனத்தார், புறப்படுமுன் பார்க்கவேண்டுவனவற்றை ஆறு தலைப்பில் அடக்கிக் கற்பிக்கின்றனர்: சக்கரமும் டயரும், கைகால்களால் இயக்கும் கருவிகள், விளக்குகள், எண்ணெயும் பிற நீர்மங்களும், சட்டகமும் சங்கிலியும், தாங்கிகள். பழகினால் ஐந்து நிமிட வேலை.

டயரில் காற்றை, வண்டி ஓடிச் சூடேறுமுன் அளந்து பார்க்கவேண்டும். அளவு கைப்புத்தகத்திலும் பெரும்பாலும் வண்டியிலேயே ஒட்டிய தாளிலும் உண்டு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்பது பொருள். பழைய டயர் பள்ளம் தேயாதிருப்பினும் ரப்பர் இறுகி வெடிப்புறும். சங்கிலியை 500 அல்லது 600 கிலோமீட்டருக்கு ஒரு முறை துடைத்து எண்ணெயிடுக. அதன் தொய்வு பல வண்டிகளில் 25 முதல் 35 மில்லிமீட்டர் வரையில் இருக்கும். தத்தம் வண்டியின் கைப்புத்தகம் கூறுவதே அளவு. இறுக்கமே நலம் என்று எண்ணி முறுக்குவோர், சங்கிலியையும் பேரிங்கையும் ஒருங்கே கெடுப்பர். எஞ்சின் எண்ணெயைப் பக்கத் தாங்கியில் சாய்ந்த நிலையில் பார்த்தல் பிழை. நிமிர்த்தி நிறுத்தியே பார்க்கவேண்டும். பிரேக் கைப்பிடி பஞ்சு போல் அமுங்குமாயின் குழாயினுள் காற்றுப் புகுந்துள்ளது. அவ்வண்டியை அன்று எடுத்தலாகாது. பிரேக் நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. அதனை ஈராண்டுக்கு ஒரு முறை மாற்றல் வேண்டும்.

தாய்மார்களே! இவை ஆடவர்க்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. நம் பெண்மக்களுட் பலர் இன்று கல்லூரிக்கும் வேலைக்கும் தாமே வண்டியோட்டிச் செல்கின்றனர். இருட்டிய வேளையில் வண்டி நின்றால், ப்யூஸ் எங்கே உள்ளது என்று அறிந்த பெண்ணுக்கு அஃது ஒரு துணையாகும்.

இது நிற்க. வண்டி பேணுதலுக்கும் அறத்திற்கும் உள்ள தொடர்பை இனிக் கூறுகின்றேன். அமெரிக்கராகிய ராண்டி மமோலா என்பார் உலகப் புகழ் பெற்ற மோட்டார் ஸைக்கிள் பந்தய வீரர். அவரும், ஆங்கிலப் பத்திரிகையாளராகிய பாரி கோல்மன் என்பாரும் குழந்தைகளின் நலத்திற்காகப் பொருள் திரட்டி உதவிவந்தனர். 1980களின் பிற்பகுதியில், தாம் திரட்டிய பொருள் எவ்வாறு பயன்படுகின்றது என்று காண ஆப்பிரிக்காவில் சோமாலியா நாட்டிற்குச் சென்றனர். ஆங்கு அவர்கள் கண்டதென்னை? மருத்துவப் பணிக்கென அளிக்கப்பெற்ற மோட்டார் ஸைக்கிள்களும் பிற ஊர்திகளும் சில காலமே ஓடிப் பழுதுற்றுக் கிடந்தன. பெருங்கேடு ஒன்றும் நேர்ந்ததன்று; எண்ணெய் மாற்றுவாரில்லை, தேய்ந்த சிறு உறுப்பை மாற்றக் கற்றாரில்லை, அவ்வளவே. கொடுத்தவர் கொடுத்துவிட்டோம் என்று மகிழ்ந்திருக்க, மருந்து மட்டும் ஊரைச் சென்று சேரவில்லை.

அவ்விருவரும், பாரி கோல்மனின் மனைவியாரும் பந்தயக் குடும்பத்தில் வளர்ந்தவருமாகிய ஆண்ட்ரியா கோல்மன் அம்மையாரும் கூடி, 'ரைடர்ஸ் பார் ஹெல்த்' என்னும் அமைப்பை நிறுவினர். அது 1996இல் முறையாகத் தனி அமைப்பாயிற்று. லெசோத்தோ, காம்பியா, ஜிம்பாப்வே முதலிய நாடுகளில் மருத்துவப் பணியாளர்க்கு வண்டியோட்டவும், நாள்தோறும் அதனைச் சோதிக்கவும் கற்பித்தனர். உறுப்புகள் பழுதுற்றபின் மாற்றுவதை விடுத்து, பழுதுறுமுன் காலமறிந்து மாற்றும் முறையை வகுத்தனர். மலைநாடாகிய லெசோத்தோவில் நோயாளர்தம் இரத்த மாதிரிகளை ஊர் மருத்துவ நிலையங்களினின்று சோதனைச் சாலைக்கு மோட்டார் ஸைக்கிளிலேயே கொண்டுசென்றனர். இவ்வறத்திற்கு வேண்டிய பொருளைப் பந்தயம் காணவரும் மக்களிடமும் திரட்டினர். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இரத்தத்தையும் மருந்தையும் இரவு வேளைகளில் கூலியின்றி மருத்துவமனைகட்குக் கொண்டுசெல்லும் தொண்டர் கூட்டங்கள் உள. அன்னோர்க்கு வண்டியைப் பேணுதல் வேறு, அறம் வேறு அன்று. இரண்டும் ஒன்றே.

இனி, பெரியோர் கூறும் தடைக்கு வருவேன். 'முழக்கமே மிகும், பயன் குறையும்' என்பது அவர்தம் அச்சம். இவ்வச்சம் நம் ஊர்க்கு மட்டும் உரியதன்று. மோட்டார் ஸைக்கிள் ஓட்டுவோர் முரடர் என்னும் எண்ணத்தை மாற்றுதற்கென்றே, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தவராகிய மார்க் ஹவா என்பார் 2012இல் 'டிஸ்டிங்குயிஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைட்' என்னும் பயணத்தைத் தொடங்கினார். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, அமைதியாகவும் மெல்லவும் செல்லுதலே அதன் இயல்பு. முதலாண்டிலேயே 64 நகரங்களில் 2,500க்கு மேற்பட்டோர் சென்றனர். இன்று நூறு நாடுகளுக்கு மேல் பரவியுள்ளது. திரளும் பொருள் ஆடவர்க்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும், மனநலப் பணிக்கும் செல்கின்றது. இதில் நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. பயணநாளில் உண்டியல் குலுக்கிப் பெறும் பணமன்று அது. பதிவு செய்துகொண்ட ஒவ்வொருவரும் பயணத்திற்குப் பல நாள் முன்னரே தம் சுற்றத்தாரிடமும் நண்பரிடமும் நோக்கத்தை எடுத்துக் கூறிப் பொருள் பெறுகின்றனர். பயணம் அதன் நிறைவு விழாவேயாகும்.

நாமும் கணக்கிட்டுப் பார்ப்போம். 60 பேர் சென்று, ஆளுக்கு 150 ரூபாய்க்குப் பெட்ரோல் எரித்தால் செலவு 9,000 ரூபாய். திரண்டது 8,000 ரூபாயாயின், வீட்டிலிருந்து அனுப்பியிருந்தாலே நோயாளர்க்கு மிகுதியாகக் கிடைத்திருக்கும். ஆகலின் ஒவ்வொருவரும் தம் பெட்ரோல் செலவைத் தாமே ஏற்று, பயணத்திற்கு முன்னரே 500 ரூபாய்க்குக் குறையாது திரட்டித் தரவேண்டும் என்று விதி செய்க. 30,000 ரூபாய் புறப்படுமுன்னரே கையில் இருக்கும். வரவும் செலவும் இப்பத்திரிகையின் அடுத்த இதழிலேயே அச்சாகவேண்டும். கணக்குக் காட்டும் அறத்தைப் பெரியோர் எவரும் வெறுப்பாரல்லர்.

செல்லும் முறையையும் சுருங்கக் கூறுவேன். போலீஸாரிடம் முன்னரே அனுமதி பெறுக. வழியறிந்தவர் ஒருவர் முன்னும், பட்டறை வேலையறிந்தவர் ஒருவர் இறுதியிலும் செல்க. இறுதியிற் செல்பவரைக் கடந்து எவரும் பின்தங்கலாகாது. இருவர் இணைந்து பேசிக்கொண்டு செல்லுதல் கூடாது. ஒருவர் பாதையின் இடப்பக்கமும் அடுத்தவர் வலப்பக்கமுமாக மாறி மாறி, முன்வண்டிக்கு இரண்டு நொடி இடைவெளி விட்டுச் செல்க. தம்முள் முந்துதல் அறவே கூடாது. ஓட்டுபவரும் பின்னமர்பவரும் தலைக்கவசம் அணிதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு விதித்த கடமை; ஐ.எஸ். 4151 என்னும் முத்திரை உள்ளதையே வாங்குக. புகைக்குழாயை மாற்றி ஒலி பெருக்கிய வண்டிக்கு நம் அணியில் இடமில்லை என்று இன்றே தீர்மானிக்க. நோயாளர்க்கு உதவப் போகின்றவர் வழியிலுள்ள நோயாளரை எழுப்பிவிட்டுப் போதல் முறையோ?

இரத்த தானத்திற்கும் ஒரு சொல். 18 முதல் 65 வயது வரையில் உள்ளவரும், 45 கிலோகிராமுக்குக் குறையாத எடையும், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமலும் உடையவருமே அளிக்கலாம். ஆடவர் 90 நாளும், மகளிர் 120 நாளும் இடைவெளி விடல் வேண்டும். அளித்தபின் சிலர்க்குத் தலைசுற்றல் உண்டாதல் கூடும். ஆகலின் இரத்தம் அளிப்போர் அன்று வண்டியோட்டித் திரும்பலாகாது. அன்னோர்க்கென வேன் ஒன்று அமர்த்துக. ஓட்டுவோர் வேறு, அளிப்போர் வேறு என முன்னரே பிரித்துக்கொள்க.

இறுதியாக ஒன்று. சிலர்க்குக் கசக்கும், ஆயினும் சங்கத்தின்மீது அன்புடையவன் கூறுகின்றேன் என்று பொறுத்தருள்க. இளைஞர் பகுதியார் அச்சிட்ட அறிக்கையில், 'நம் சமூகத்து ஏழை நோயாளர்க்கு' என்னும் தொடர் காணப்படுகின்றது. நம் மாணவர்க்கு உபகாரச் சம்பளம் தருதற்குத் தனி நிதி உண்டு. அது வழக்கம் போல் நடைபெறுக. இந்தப் பயணத்தில் மட்டும் அத்தொடரை நீக்கிவிடுமாறு வேண்டிக்கொள்கின்றேன். என்னை? லாரியை நிறுத்திய ஓட்டுநர் என் குலத்தைக் கேட்டிலர். கூலி வாங்காத பஞ்சர் கடைப் பிள்ளையும் கேட்டிலன். என் அத்தான் பொருட்டு இரத்தம் அளித்த இளைஞர், அவர் இன்னார் என்றுகூட அறியாமலே அளித்துச் சென்றார். 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் அறிஞர் மனிதர் இரத்தத்தில் வகை உண்டென்று கண்டு வெளியிட்டார். அவ்வகைகள் நாம் பத்திரிகையின் முகப்பில் அச்சிடும் பெயரைக் கொண்டு அமையவில்லை. இரத்த வங்கியில் நாம் அளிக்கும் இரத்தம் யாருக்குச் செல்லும் என்று நாம் அறியப்போவதில்லை. அதுவே அக்கொடையின் பெருமை. பணத்தில் மட்டும் வேலி கட்டுவானேன்? நம் சங்கத்தின் பெயரால், எல்லார்க்கும் பயன்படும் ஓர் அறம் நடந்தால், அதனினும் நம் குலத்திற்குப் பெருமை வேறில்லை.

ஆகவே பயணத்திற்கு ஒரு திங்கள் முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமையில், வருகின்ற வண்டிகள் அனைத்தையும் இம்மண்டபத்து முற்றத்தில் நிறுத்திச் சோதிக்கவேண்டும். அச்சோதனையில் தேறாத வண்டி பயணத்தில் சேரலாகாது. அதனை நடத்திக் கற்பித்தற்குப் பெட்டவாய்த்தலைப் பஞ்சர் கடைப் பிள்ளையை யான் அழைத்து வருகின்றேன்; அவனுக்குரிய கூலியைச் சங்கம் தரவேண்டும், இம்முறை வாங்க மறுத்தாலும் விடலாகாது. அவன் எக்குலத்தான் என்று யான் கேட்டிலேன், நீங்களும் கேட்கவேண்டா.